மீட்டர் காட்டாத மூன்று கிலோமீட்டர்

ஜனவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அப்பா என்னைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

போன் இருக்கும்போது அண்ணன் ஏன் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்று பார்க்கிறாயா? போன் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உன்னோடு ஐந்து நிமிஷம் பேசினால் "யாரு? என்ன சொல்றா? எதுக்குச் சிரிக்கிற?" என்று அவருக்குப் பதில் சொல்வதிலேயே நாலு நிமிஷம் போய்விடுகிறது. நீயும் பதிலை லேத் பட்டறை விலாசத்துக்கே போடு. வீட்டுக்குப் போட்டால் பிரித்த உறைதான் என் கைக்கு வரும்.

விஷயம் இதுதான். அப்பாவின் காரில் இரண்டு ரிம் துருப்பிடித்து விரிசல் விட்டுவிட்டது. இந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாகிறது. கடைக்காரன், "இதுக்கா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க" என்று சிரிக்கிறான். மாப்பிள்ளை பழைய வண்டிகளை உடைத்து விற்கிறாரே, அவர் யார்டில் கிடைக்குமா என்று கேட்டு எழுது.

வண்டி இல்லாமல் முடியாது. பட்டறையில் நாலு மணிக்குச் சங்கு ஊதினால் ஐந்துக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். அதுவரைதான் பக்கத்து வீட்டு நர்ஸம்மா அப்பாவோடு இருப்பார். பிறகு விசாரணை. லாரி கம்பெனியில் முப்பது வருஷம் டிரிப் கணக்குப் பார்த்த மனுஷன், எந்த டிரைவர் எங்கே சுற்றினான் என்று மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்போது மிச்சமிருக்கும் ஒரே டிரைவர் நான். கைத்தடியை ஊன்றி வாசலுக்கு வந்து, கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்க்கிறார். பட்டறைக்குப் போக வர முப்பது கிலோமீட்டர். முப்பத்தொன்று காட்டினால் அந்த ஒன்று எங்கே போனது என்று தூங்கும்வரை கேள்வி. எனக்கு வயது நாற்பத்தேழு, வாலு.

பிள்ளைகளுக்கு முத்தம்.
உன் அண்ணன்

*

ஜனவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முதுகுவலி போய் முழங்கால்வலி வந்திருக்கிறது. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அப்பா காருக்குள் தலையை விடும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஏனோ சிரிப்பு நின்றுபோயிற்று.

உன் மாடலுக்கு வீல் இல்லையாம். அதே கம்பெனியின் அடுத்த மாடல், கொஞ்சம் பெரிய வண்டி, நாலு வீல் டயரோடு நல்ல நிலையில் இருக்கிறதாம். இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை: "நட்டு ஓட்டை நாலும் சரியா உக்காரும். நடு ஓட்டைதான் பெருசு. அப்படியே மாட்டினா வேகம் எடுக்கறப்ப ஸ்டியரிங் உதறும். மச்சானை லேத்துல அளவா ஒரு வளையம் கடைஞ்சு நடுவுல போடச் சொல்லு. அப்புறம், வீல் பெருசுங்கறதால மீட்டர் பத்துல ஒரு பங்கு குறைச்சுக் காட்டும். பயப்பட வேணாம்னு சொல்லு."

அடுத்த வாரம் லாரியில் வரும். பணம், கிணம் என்று பேச்செடுத்தாயோ, நாலு வீலையும் திரும்ப ஏற்றச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்
வாலு

*

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். சின்னவளுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டதா?

வீல்கள் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை சொன்னதை நம்பாமல் முதலில் வளையம் இல்லாமலே மாட்டிப் பார்த்தேன். கடைத்தெரு தாண்டி வேகமெடுத்ததும் ஸ்டியரிங் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. அப்புறம் புத்தி வந்து நாலு வளையம் கடைந்தேன். விரலால் தள்ளினால் இறங்கவும் வேண்டும், இறங்கினபின் ஆடவும் கூடாது. முதல் இரண்டைக் கெடுத்துவிட்டுத்தான் கை வந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டின் விளிம்பில் உரசியது, விளிம்பைச் சுத்தியால் தட்டி மடித்துவிட்டேன். இப்போது பார்க்க, அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி நிற்கிறது. அப்பா வாசலில் நின்று பார்த்தார். "சும்மாதானே குடுத்தான்? சரி" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

மீட்டர் குறைத்துக் காட்டும், பயப்பட வேண்டாம் என்றாராம் மாப்பிள்ளை. பயமா? சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை! கணக்குப் போட்டுப் பார். முப்பத்து மூன்று ஓடினால் முப்பதுதான் காட்டும். மூன்று கிலோமீட்டர் யாருக்கும் தெரியாமல் என் கையில் இருக்கிறது. பட்டறையைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் ரயில்வே ஸ்டேஷன். நடந்து போனால் நேரம் இடிக்கும், காரில் போனால் மீட்டர் இடிக்கும் என்று இத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் கால் மணி தாமதமானால் நெரிசல் என்று சொல்லிக்கொள்வேன்.

ஸ்டேஷனில் உனக்கு என்ன வேலை என்று கேட்பாய். டிக்கெட் கவுன்டரில் ஒருவர் இருக்கிறார். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அண்ணன்

*

பிப்ரவரி 19

அண்ணா!

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். யார்? என்ன வயசு? எத்தனை நாளாக? கல்லுளிமங்கன் மாதிரி இருந்துகொண்டு இந்த வேலை பார்த்திருக்கிறாயா? "இவ்வளவு போதும்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "நான் அனுப்பின வீலா இது?" என்று மீசையைத் தடவிக்கொள்கிறார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீ ஒருத்தன் அங்கே அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்பது என் தொண்டையில் முள்ளாக இருந்தது. உடனே எழுது. எல்லாவற்றையும் எழுது.

இங்கே எல்லோரும் நலம். நலமாக இல்லாவிட்டாலும் இப்போது யாருக்குக் கவலை?

வாலு

*

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் கடிதத்தைப் பட்டறையில் மறைத்து வைத்துப் படித்தேன்.

கேட்டதற்குப் பதில். போன வருஷம் தையல் மெஷினின் அச்சு தேய்ந்துபோய், புதிதாகக் கடைந்து தரச் சொல்லிப் பட்டறைக்கு வந்தார். நாற்பத்திரண்டு வயசு. கணவர் போய்ப் பத்து வருஷமாகிறது, பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் நாள்முழுக்க "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பேச்சே வெறுத்துவிட்டதாம். நாலேகாலுக்கு ஒரு ரயில் போனால் அடுத்தது வரக் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவருடைய பிளாஸ்கிலிருந்து ஆளுக்குப் பாதி தேநீர். நான் பேசுகிறேன். நான் இவ்வளவு பேசுகிறவன் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இனி முக்கியமான விஷயம். ஜூன் கடைசியில் அவருக்கு மாற்றல். லைனின் கோடியில் இருக்கும் ஊர். அங்கே ரயில்வே பட்டறையில் லேத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருக்கிறார். நேற்று என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "வரீங்களா, இல்ல இங்கேயே மீட்டர் பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

நான் போக ஆசைப்படுகிறேன், வாலு. இப்படி ஒரு ஆசையை எழுத்தில் பார்ப்பதற்கே பயமாக இருக்கிறது. அதனால் நேராகக் கேட்கிறேன். அப்பாவை வருஷத்தில் பாதி நீ வைத்துக்கொள்ள முடியுமா? உங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். மீதிப் பாதி எங்களோடு இருக்கட்டும், அப்பாவை வைத்துக்கொள்ள அவருக்குச் சம்மதம். முதலில் உன் முறை. புது இடத்தில் நாங்கள் காலூன்றியதும் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பெரியவனுக்குப் பரீட்சை. இவருக்கு முழங்கால் சரியாகித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. குளியலறைக் குழாய் வேறு ஒழுகுகிறது.

தையல் மெஷின் விஷயம் படித்து மனசு குளிர்ந்துவிட்டது. தைக்கத் தெரிந்தவர் என்றால் பொறுமைசாலியாகத்தான் இருப்பார். அவருக்குப் பிடித்த நிறம் என்னவென்று கேட்டு எழுது, ஒரு நல்ல துணி எடுத்து அனுப்ப ஆசை.

உன் வீல்களுக்கு மூடி இல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று இவர் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார். அதே மாடலின் மூடிகள் நாலும் தேடிப் பிடித்து, மெருகேற்றி இன்று லாரியில் போட்டிருக்கிறோம். நட்டுகளை மாதம் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொன்னார். வேற்று வண்டியின் வீல் என்பதால் கவனம் வேண்டுமாம்.

அப்பா மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

அன்புடன்
வாலு

*

ஏப்ரல் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். மூடிகள் வந்தன. பளபளவென்று இருக்கின்றன. நீலம் அவருக்குப் பிடிக்கும்.

இங்கே என் பிழைப்பு நாறிவிட்டது. உனக்குத் தெரியும், வண்டி குலுக்கினால் இடுப்பு வலிக்கிறது என்று அப்பா மூன்று வருஷமாகக் காரில் ஏறவில்லை. புது மூடியைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, "ஒரு ரவுண்டு போகலாமா?" என்றார். ஏற்றினேன். பெரிய டயர், குலுக்கலே இல்லை. "அட, படகு மாதிரி போகுதே!" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. தினமும் நான் வந்ததும் தயாராகச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கொஞ்சம் தாமதமானாலும் நர்ஸம்மாவைப் பட்டறைக்குப் போன் போடச் சொல்கிறார். நான் ஸ்டேஷனுக்குப் போயே ஒரு வாரமாகிறது.

அது போதாதென்று, நேற்று நெடுஞ்சாலைக்குப் போகச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு வந்தார். நான் நிம்மதியாக இருந்தேன். பாவி நான், அவர் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்! வீட்டு வாசலில் இறங்கினபின் சொன்னார். "பத்துக் கல்லு தாண்டுனோம். இது ஒம்பதுதான் காட்டுது. லாரிக்காரன் பண்ற வேலை. நீயுமா?" நான் மரம் மாதிரி நின்றேன். நாற்பத்தேழு வயசு மரம்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்று சாயங்காலம் மீட்டரைப் பார்த்துவிட்டு, விரலை மடக்கி, பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டார். "இப்ப சரி" என்றார். கிடைத்த மூன்று கிலோமீட்டரும் போயிற்று.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ அதைப் பார்க்கவில்லை போல. மறுபடி கேட்கிறேன். ஜூன் கடைசி. ஆறு மாதம். முடியுமா?

அண்ணன்

*

மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். வெயில் அதிகம், நிறையத் தண்ணீர் குடி.

அப்பா கற்களைப் பார்த்துக் கண்டுபிடித்ததை இவரிடம் சொன்னேன். "மாமா மாமாதான்" என்கிறார். ஏறி இறங்க அப்பாவுக்கு வசதியாக இருக்குமென்று, பெரிய வண்டியின் முன் சீட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு போல்ட்டை மாற்றினால் உன் வண்டியில் உட்காரும் என்கிறார். அனுப்பட்டுமா?

நீலத்துணி எடுத்துவிட்டேன். வேலை இருக்கிறது, பிறகு விரிவாக எழுதுகிறேன்.

வாலு

*

மே 13

வாலு,

நீ நலமாக இருப்பாய். நானும் இருக்கிறேன்.

நீ வீல் அனுப்பினாய். மூடி அனுப்பினாய். இப்போது சீட் அனுப்பட்டுமா என்கிறாய். இந்த வேகத்தில் போனால் வருஷக் கடைசிக்குள் முழுக் காரும் வந்துவிடும். நான் கேட்டது ஒரு பதில். அதை மட்டும் எந்த லாரியிலும் காணோம்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. செத்துப்போக மாட்டேன். எழுதாமல் இருந்தால்தான் ஒவ்வொரு நாளும் தபால்காரன் பட்டறையைத் தாண்டும்போது லேத்தை நிறுத்திவிட்டு நிற்கிறேன். முதலாளி பார்க்கிறார். நேற்று ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் அவளை ஐந்து நிமிஷம் பார்த்தேன். பெட்டி கட்ட அட்டைப்பெட்டிகள் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். என் கண் முன்னாலேயே ஒன்றை மடித்து வைத்தாள்.

உனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம். எத்தனை தடவை வந்திருக்கிறாய்? எனக்கு உன்மேல் கோபம். சொல்லிவிட்டேன்.

அண்ணன்

*

மே 24

அண்ணா,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

நீ மார்ச்சில் எழுதிய கடிதத்தை நான் மறக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நீ பட்டறையில் சேர்ந்த புதிது, உனக்குத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரமாகும் என்று அப்பா வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்து வைத்திருந்தார். ஒருநாள் வழியில் நாய் குட்டி போட்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து மறுபடி நடக்கச் சொல்லி, வாட்சைப் பார்த்தபடி பின்னாலேயே வந்தார். தெருவே பார்த்தது. வீட்டு வாசலில், "பாத்தியா? முடியுது இல்ல?" என்றார். எனக்குப் பத்து வயசு.

ரொம்பத் தூரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை என்பதற்காகத்தான் இவருக்குத் தலையாட்டினேன். நல்லவேளை, நல்ல மனுஷன். இந்த வீட்டில் எங்கே போனாய் என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை. அப்படியும், கடைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன், ஓட்டமும் நடையுமாகத்தான் வருகிறேன். அப்பா இங்கே வந்து உட்கார்ந்தால் என்ன ஆவேன் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உன்னை அங்கே மாட்டிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

என்னால் முடியாது அண்ணா. வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

வாலு

*

ஜூன் 27

வாலு,

இது தபாலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். உன் தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் கொண்டுவந்து கொடுக்கிறார். நான் அந்தக் கடை பெஞ்சில் இருக்கிறேன். அப்பா காரில் இருக்கிறார்.

காலையில் வழக்கம்போல் ஒரு ரவுண்டு என்றுதான் ஏற்றினேன். அவருடைய துணிமணியும் மருந்தும் நேற்றே டிக்கியில் வைத்துவிட்டேன். ஊர் எல்லை தாண்டியதும் "எங்க போற?" என்றார். "தங்கச்சி வீட்டுக்கு" என்றேன். "யாரைக் கேட்டுக் கெளம்புன?" "யாரையும் கேக்கலப்பா." அதற்குப்பின் இதுவரை என்னோடு பேசவில்லை. கற்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் என் கை நடுங்கிற்று. ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இல்லை.

உன் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டும் வந்திருக்கிறேன் என்றால் நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொள். உன்னைக் கட்டாயப்படுத்த வரவில்லை என்று சொன்னால் அது பொய். கட்டாயப்படுத்தத்தான் வந்திருக்கிறேன். அவள் காலையிலேயே போய்விட்டாள். உங்கள் ஊர் வழியாக அங்கே போக ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது.

ஒரு தேநீர் குடிக்கும் நேரம் இருக்கிறேன். நீ வரவில்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுவேன், இனி இதைப்பற்றி எழுதவும் மாட்டேன். உன்மேல் கோபம் இருக்காது என்று மட்டும் சொல்ல முடியாது.

அண்ணன்

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இரண்டு பேரும் நலம்தானே? புதுப் பட்டறை எப்படி? லேத் புதிதா, பழசா? அண்ணிக்கு நீலம் பொருந்தியதா? இங்கே எல்லோரும் நலம். நம்பு, அப்பாவும் நலம். உன் கார் யார்டில் நிற்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அதில் ஏறி உட்கார்ந்து உலகம் சுற்றுகிறார்கள்.

அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசல் கேட்டுக்குப் பின்னாலேயே நின்றேன். தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் நின்றிருப்பேன். இவர்தான், "நீ வராட்டியும் நான் போய் மாமாவைக் கூட்டிட்டு வரேன். ஆனா நீ வந்தா நல்லாருக்கும்" என்றார். நானும் கூடவே வந்தேன், அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நீ ரயிலுக்கு ஓடியபின் அப்பா கூடத்தில் உட்கார்ந்து, "மீட்டரு எரநூத்தி எழுபது காட்டுது. உள்ளபடி முன்னூறு" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மூன்று வாரம் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். நான் பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. கடைக்குப் போய் வந்தால், "எப்பப் போன? எந்த வழியா வந்த? ஏன் இவ்வளவு நேரம்?" நானும் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழையில் பையோடு ஓடிவந்து வழுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். பெரியவன் மருந்து போட்டுக்கொண்டே, "ஏம்மா ஓடற? யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டான்.

நேற்று மறுபடி கேட்டார். "ஏன் இவ்வளவு நேரம்?" என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை. "அப்பா, இனிமே அதை எங்கிட்ட கேக்காதீங்க" என்றேன். சத்தமாகக்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். கைத்தடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தார். "சரி" என்றார். அப்புறம், "டீ இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான் அண்ணா. இன்று கடைக்குப் போனேன், வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வந்தேன். கேட்கவில்லை. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று தேநீர் போட அடுப்படிக்குப் போனவள் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் என்று நினைத்துவிடாதே, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்காகக் கொஞ்சம் அழுதேன். மீதியெல்லாம் உனக்காகத்தான். ஒரு "சரி"யில் முடிகிற விஷயத்துக்கு நீ வளையம் கடைந்து, மட்கார்டைத் தட்டி, மூன்று கிலோமீட்டர் திருடிக்கொண்டிருந்தாயே அண்ணா. ஒரே ஒரு தடவை அவரிடம் நீயும் சொல்லிப் பார்த்திருக்கலாமே.

அன்புடன்
வாலு